சந்தைக்காரம்மா எந்தப் பக்கம் திரும்புவாங்க?

'சீசர் 3' வந்தது 1998ல. அப்போ எனக்கு வயசு ஒண்ணோ ரெண்டோ. ஆனாலும் இன்னிக்கும் ஆபீஸ்ல நாள் முழுக்க ஆணி புடுங்கிட்டு வந்து, ராத்திரி சாப்பிட்ட கையோட நான் திறக்கறது அதைத்தான். ரூம்மேட் கேக்கறான், "ஏன்டா, உலகத்துல வேற கேமே இல்லையா?" இருக்கு. ஆனா எந்த கேம்லயும் இந்த சந்தைக்காரம்மா இல்லையே!

தெரியாதவங்களுக்கு: நீங்க ஒரு ரோமானிய மாகாணத்து கவர்னர். வெறும் நிலத்தைக் கையில குடுத்துடுவாங்க. ரோடு போட்டு, தண்ணி கொண்டு வந்து, சனங்களைக் குடி வச்சு ஊராக்கணும். வீட்டை நீங்க கட்ட முடியாது, மனை மட்டும் ஒதுக்கலாம். வர்றவங்க முதல்ல கூடாரம் போடுவாங்க. தண்ணி, சாப்பாடு, கோயில், மண்பாண்டம், எண்ணெய், மேசை நாற்காலினு ஒவ்வொண்ணா கிடைக்கக் கிடைக்க அந்தக் கூடாரம் குடிசையாகி, வீடாகி, கடைசில மாளிகை ஆகும். ஒண்ணு நின்னு போனாலும் மாளிகை திரும்பக் கீழ இறங்கும்.

இதுல சூட்சுமம் எங்கன்னா, தண்ணியைத் தவிர கிட்டத்தட்ட எல்லாமே நடந்துதான் வரணும். நீரூற்றைச் சுத்தி நாலு கட்டத்துக்குள்ள வீடு இருந்தாப் போதும், தண்ணி வந்துடும். மத்ததெல்லாம் ஆள். சந்தைக்காரம்மா, பூசாரி, வாத்தியார், முடி வெட்டுறவர், தீயணைக்கிற ப்ரிஃபெக்ட், கட்டடம் இடிஞ்சு விழாம பாத்துக்கற இஞ்சினியர்.. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கட்டடத்துலேந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய்ட்டு வீடு திரும்புவாங்க. அவங்க தாண்டிப் போன வாசலுக்கு மட்டும்தான் அந்த வசதி. முச்சந்தி வந்தா எந்தப் பக்கம் திரும்புவாங்கனு நம்ம கையில இல்ல.

இதைப் புரிஞ்சுக்காம அழகா சதுரம் சதுரமா, குறுக்குத் தெரு நெறைய வச்சு ஊர் கட்டினா என்ன ஆகும்? நாலு முக்கு தாண்டறதுக்குள்ள அந்தம்மா வேற எங்கயோ ஊர் சுத்தப் போயிடும். தெருக்கோடி வீட்டுல கோதுமை தீந்துடும். வீடு இறங்கும், பாதி சனம் மூட்டையைக் கட்டும். அவங்கதான் சார் உங்க வேலையாட்கள். ஆள் குறைஞ்சா ப்ரிஃபெக்ட் ஆபீஸ் காலியா நிக்கும். அப்போ பாத்து எங்கயாச்சும் தீப்பிடிக்கும். களஞ்சியமே எரிஞ்சா, அதுவரைக்கும் நல்லா இருந்த தெருவுக்கும் சோறு கிடையாது. ஒரே ஒரு தப்பான திருப்பத்துல ஊரே சரிஞ்சு விழறதைப் பாத்திருக்கேன். ப்ரொடக்‌ஷன்ல ஒரு சர்வர் படுத்தா மத்ததெல்லாம் வரிசையா படுக்குமே, அதே கதை. பொட்டி தட்டறவங்களுக்குச் சொல்லவே வேணாம்.

அதனால தேர்ந்த ஆட்டக்காரங்க முச்சந்தியையே ஒழிச்சிடுவாங்க. கோயில் பிரகாரம் மாதிரி ஒரே ஒரு சுத்துத்தெரு. ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல சந்தை, பள்ளிக்கூடம், கோயில். கிளைத்தெருவே இல்லாதப்போ அந்தம்மா எங்க போவாங்க? சுத்தித்தான் வரணும். தெருவை ரொம்ப நீளமாக்கிட்டா மட்டும் பாதியில திரும்பிடுவாங்க, தூரத்துக் கோடி காஞ்சிடும்.

சரி, வெளியில இருக்கற களஞ்சியத்துலேந்து சாமான் உள்ள வரணுமே? அதுக்கு ஒரு ரோடு போட்டா அங்க முச்சந்தி வந்துடுமே? இங்கதான் கோட்டைவாசல். எதிரி வராம இருக்க வச்ச அந்த வாசலை, சும்மா ரோந்து சுத்தறவங்க யாரும் தாண்ட மாட்டாங்க. வண்டி தள்ளறவரு, கூடையோட சாமான் வாங்கப் போற அம்மா மாதிரி, இன்ன இடத்துக்குனு முடிவு பண்ணிக் கிளம்பினவங்க மட்டும் தாண்டுவாங்க. அடுத்த வருஷம், 1999ல அதே கம்பெனி பண்ணின 'ஃபேரோ'ல இதுக்குன்னே தனியா தடுப்பு குடுத்துட்டாங்க. இப்போ ஆர்வலர்கள் எழுதின 'அகஸ்டஸ்'ங்கற ஓப்பன் சோர்ஸ் வடிவத்துல சீசர் 3க்கும் அது வந்தாச்சு. நான் இன்னும் கோட்டைவாசல் கட்சிதான். பழகின கை.

நிஜ ரோமானியர்கள் இப்படியா கட்டினாங்க? கட்டமா கட்டினாங்க. இன்னிக்கு அல்ஜீரியாவுல இருக்கற டிம்காட், கி.பி. 100ல டிராஜன் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்காகக் கட்டின ஊர். மேல இருந்து எடுத்த படத்தைப் பாத்தா செஸ் போர்டு. வேடிக்கை என்னன்னா, ஊர் பெருகி அந்தச் சதுரத்துக்கு வெளிய வழிஞ்சப்போ, வெளித்தெருவெல்லாம் இஷ்டத்துக்கு வளைஞ்சு போயிருக்கு. ரோமே அப்படித்தான், கோணல்மாணல். அங்க தீயணைக்க அகஸ்டஸ் கி.பி. 6ல ஏழு படை வச்சார். ஊர்ல பதினாலு வட்டம், படைக்கு ரெண்டு வட்டம். என் ப்ரிஃபெக்ட் கணக்கேதான்! அப்படியும் 64ல ஊர் எரிஞ்சுது. அப்புறம் நீரோ தெருவை அகலமாக்கிக் கட்டினப்போ, பழைய சந்துலதான் நிழல் இருந்துச்சு, இப்போ வெயில் சுடுதுனு சிலபேர் அலுத்துக்கிட்டதா டாசிடஸ் எழுதி வச்சிருக்கார். இந்த ஒரு இடத்துக்காகவே அவரைப் பிடிக்கும். எந்த ப்ளானர் கணக்குலயும் நிழல் வராது. கேம்லயும் இல்ல.

இப்போ நானும் ரூம்மேட்டும் ரெண்டு வாரமா சண்டை போடற விஷயம். பெரிய அடுக்குவீடு ஒண்ணுல 84 பேர் இருப்பாங்க. எல்லாரும் உழைக்கிற சனம். அதுக்கு ஒயினும் மத்த சவுகரியங்களும் போய்ச் சேந்தா வில்லாவா மாறும். வில்லாவுல 40 பேருக்குத்தான் இடம். மிச்ச 44 பேர் வெளிய. உள்ள இருக்கற 40 பேரும் பிரபுக்கள், ஒருத்தரும் வேலை செய்ய மாட்டாங்க. ஆனா வரி கொட்டும். ஊரோட செழிப்பு மதிப்பெண் ஏறும், அது ஏறினாத்தான் ஜெயிக்க முடியும்.

அப்போ திறமையான ஊர்னா என்ன? கொஞ்சம் மாளிகை, நெறைய தொழிலாளர் தெரு. தொழிலாளர் தெரு மேல ஏறிடாம இருக்க, ஒயின் அங்க போகாதபடி நாமளே திட்டம் போட்டுத் தடுக்கணும். இன்னும் மோசம், தூரத்து வயலுக்கு ஆள் சேக்க பக்கத்துல ஒரு கூடாரம் இருந்தாப் போதும். ஆள் தேடி வர்றவர் அந்த வாசலைத் தாண்டினா ஊர் முழுக்க இருக்கற ஆட்கள் வேலைக்குக் கிடைச்சிடுவாங்க. அதனால அந்தக் கூடாரத்துக்குச் சந்தை, கோயில் எதுவும் தர வேணாம், தண்டச்செலவு. எல்லா ஆட்டக்காரனும் செய்யறதுதான். நானும் செய்வேன்.

ரூம்மேட் சிவில் படிச்சுட்டு ஐடிக்கு வந்தவன். போன சனிக்கிழமை என் தோள் மேல சாஞ்சு பாத்துட்டு, "மச்சி, அந்தக் கூடாரத்துல இருக்கறவன் எத்தனை வருஷமாடா அங்க இருக்கான்?"னு கேட்டான். கேம் கணக்குல பதினோரு வருஷம். "வெறும் பிக்சல்டா"ன்னேன். "ஓஎம்ஆர்ல லாரித் தண்ணி வாங்கிக் குளிக்கற நீ இதைச் சொல்றியா?"ன்னான். நாங்க இருக்கற அபார்ட்மெண்ட்டுக்குக் குழாய்த் தண்ணி இல்ல, வாரத்துக்கு ஆறு லாரி. பதில் சொல்ல வாய் வரல.

அவன் வாதம், கூடாரமே இல்லாம ஜெயிக்கணும்ங்கறது. என் வாதம், ஜெயிக்கலாம், ஆனா வயலுக்கும் களிமண் குழிக்கும் பக்கத்துல ஒழுங்கான குடியிருப்பு வச்சு, அதுக்குத் தனிச் சந்தை, தனி நீரூற்று, தனிப் பூசாரினு போட்டா கஜானா தாங்காது, கடன் 5000 தினாரியஸைத் தொட்டா அதுக்கு மேல ஒரு செங்கல் வைக்க விடமாட்டாங்க.

பந்தயம் பிரியாணி. டாரகோவை முதல்லேந்து ஆரம்பிச்சிருக்கேன். மூணு சுத்துத்தெரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோட்டைவாசல். வயக்காட்டுப் பக்கம் ஒரு குட்டிச் சுத்துத்தெரு, பத்து வீடு, அதுக்குன்னே ஒரு சந்தை. கடன் நேத்து ராத்திரி 3,800. மண்பாண்டம் ஏத்துமதி இன்னும் ஆரம்பிக்கல. அந்தக் குட்டித் தெருவுல சந்தைக்காரம்மா கூடையைத் தூக்கிட்டுக் கிளம்பியாச்சு, பின்னாடியே பசங்க ஓடறாங்க. ரூம்மேட் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டான், நாளைக்கு ஆபீஸ் இருக்குங்கற நெனப்பே இல்லாம.