மண் காத்த கிழங்கு

ஸ்காபரோவிலிருந்து



நேற்று இங்குள்ள தமிழ்க் கடையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கினேன். தோல் முழுக்க மெழுகு பூசி, கோஸ்டாரிகாவிலிருந்து வந்த கிழங்கு. அவ்வளவு தூரம் பயணப்பட்டும் அவித்தபோது பூவாய் வெடித்தது. தேங்காய்ச் சம்பலோடு வாயில் வைத்ததும் நினைவு மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக்குப் போய்விட்டது.

அம்மா எங்கள் வளவில் கிழங்கை ஒரேயடியாகக் கிண்டியதே இல்லை. "இண்டைக்குத் தேவையானதை மட்டும் எடு மகன், மிச்சம் மண்ணுக்குள்ள கிடக்கட்டும்" என்பார். அலவாங்கால் மண்ணை நெம்பி, தடியை ஆட்டிப் பிடுங்கினால் ஒரு மூட்டுக் கிழங்கு வரும். அன்றைய சாப்பாட்டுக்கு அது போதும். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிப் பழுதாகிவிடும். மண்ணுக்குள் விட்டால் மாதக்கணக்கில் இருக்கும். 1970களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது இந்தக் கிழங்கை நம்பித்தான்.

போன கிழமை ஊரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார்: "அண்ணன், மரவள்ளியை மெசினால செய்ய ஏலாதா? கூலிக்கு ஆள் கிடைக்குதில்ல."

ஏலும். தாய்லாந்திலும் பிரேசிலிலும் செய்கிறார்கள். உழவு இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் தடியை எடுத்துக் கொடுக்க, நடும் கருவி அதைச் சாணளவு துண்டாக வெட்டி மண்ணில் பதித்துக்கொண்டே போகும். அறுவடையின்போது கிழங்குக்கு அடியில் ஓர் இரும்பு அலகு ஓடி மண்ணை இளக்கிவிடும். பொறுக்கிச் சேர்ப்பது அங்கும் பெரும்பாலும் மனிதக் கைகள்தான். வாவியோரத்து மணல் நிலம் இந்த அலகுக்கு நன்றாக இடம் கொடுக்கும். வரிசைகளை ஒரு மீற்றர் இடைவெளியில் நேராகப் பிடித்தால் சக்கரமும் செடியை மிதிக்காது.

ஆனால் தம்பி, அந்த அலகு ஒரு நாளில் ஓர் ஏக்கரைக் கிளறிப் போட்டால், அம்மா மாதக்கணக்கில் மண்ணிடம் விட்டுவைத்த கிழங்கு அத்தனையும் ஒரே பொழுதில் வெளியே கிடக்கும். மூன்றாம் நாள் அதை யார் வாங்குவார்? வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் 2014இல் பாலம் வந்ததோடு போய்விட்டது. லொறி வரும். ஆனாலும் எல்லாரும் ஒரே நாளில் ஏற்றினால் சந்தையில் விலை விழும்.

ஆகவே ஊருக்கு இயந்திரம் வாங்கப் பணம் சேர்க்கும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். முதலில், கோஸ்டாரிகாக் கிழங்கைப் போல நம் கிழங்குக்கும் பூச மெழுகு உருக்கும் தொட்டியும் கிழங்கு சீவும் கருவியும் மாவரைக்கும் ஆலையும் ஊருக்குள் வரட்டும். சீவிய கிழங்கைக் காயவைக்க எங்கள் கோடை வெயிலே போதும். அலகு பிறகு வரலாம்.

இதுவரை கிழங்கைக் காத்தது மண். அந்தக் காவலை ஏற்க ஆள் வைத்துவிட்டுக் கிண்டுவோம்.

அன்புடன்,
உங்கள் படுவான்கரைப் பிள்ளை