டென்ஷன் நாலில் இருக்கட்டும்

எங்கட வீட்டில் 'டென்ஷன்' எண்டால் பரீட்சையும் இல்ல, காதலும் இல்ல. தையல் மெஷினின் முகத்தில் 0 முதல் 9 வரை இலக்கம் போட்டிருக்கிற சின்னக் குமிழ்தான் டென்ஷன். "டென்ஷன் கூடிட்டுது" எண்டு அம்மா சொன்னால் நூல் அறப்போகுது எண்டு அர்த்தம்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால் எங்கட வீடு. புதுத் தவணை தொடங்க முன்னம் விறாந்தை முழுக்க வெள்ளைத் துணி வந்து குவியும். 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. துணி இலவசம், தையல்கூலி இலவசமில்லை. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாருடைய சீருடையும் ஒரே குவியலில் கிடக்கும். அந்தக் கூலியில்தான் நான் வந்தாறுமூலையில் தங்கிப் படிக்கிறேன்.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓடினால் பிழை கண்ணில் படாது. பிள்ளை இரண்டு கிழமை போட்டு விளையாடின பிறகுதான் அக்குளுக்குக் கீழே தையல் பிரியும். அந்தத் தாய் திரும்ப எங்களிடம் வரமாட்டா. ஆகவே டென்ஷன் பிழைத்தால் வருமானமும் பிழைக்கும்.

விஷயம் இதுதான். மேலே ஒரு நூல், கீழே பொபினில் ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக் கயிறிழுத்தலை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் முடிச்சு நடுவில் நிற்கும். மேல்நூல் தளர்ந்தால் துணிக்கு அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். மேல்நூல் இறுகினால் பொபின் நூல் துணிக்கு மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அடியில் சிக்கல் தெரிந்தால் எல்லாரும் பொபினைத்தான் குறை சொல்லுவார்கள். பெரும்பாலும் காரணம் மேலே இருக்கும்.

போன விடுமுறையில் பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் வந்தா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வாழ்வாதார உதவியாக வந்த மெஷின் ஒன்றரை வருடமாகச் சீலை போர்த்தி மூலையில் கிடக்குதாம். திருத்த வந்தவர் உள்ளுக்குச் சாமான் மாத்தவேணும் எண்டு பெரிய தொகை சொல்லியிருக்கிறார். "விக்கப்போறன் அக்கா, ஆரும் கேட்டால் சொல்லுங்கோ" எண்டா.

அம்மா போய்ப் பார்த்தா, நானும் போனேன். துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி. அம்மா குமிழைத் தொடவே இல்லை. முதலில் மேல்நூல் முழுவதையும் உருவினா. துணியை அழுத்துகிற பாதத்தை உயர்த்தி, திரும்ப முதலிலிருந்து கோர்த்தா.

"தங்கச்சி, பாதம் கீழ இருக்கேக்க இந்த ரெண்டு தட்டும் இறுக்கி மூடியிருக்கும். நூல் இடையில போகாது, மேலால சறுக்கும். பிறகு குமிழை எவ்வளவு திருப்பினாலும் நூலுக்குத் தெரியாது."

அடுத்தது ஊசி. துறைமுகக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசியும் முனை மழுங்கின ஊசியும் நூலை அரிக்கும். சீருடைத் துணிக்கு 14ஆம் இலக்கம், டெனிமுக்கு 16. பிறகு பொபின் கேஸைக் கழற்றி, தகட்டுக்கு அடியில் அடைந்திருந்த பஞ்சை எடுத்தா. அதன்பிறகு மேலே சிவப்பு நூல், கீழே நீல நூல் போட்டு, அதே துணித்துண்டை இரண்டாக மடித்துத் தைத்தா. இரண்டு நிறம் போட்டால் எந்த நூல் எந்தப் பக்கம் போகுது எண்டது உடனே தெரியும். குமிழ் 4இல் நின்றது. தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. சாமான் எதுவும் மாத்தவில்லை.

பொபின் கேஸில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவில் கைவைப்பது கடைசி வழி எண்டு அம்மா சொல்லுவா. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு மெதுவாக ஒரு உதறல். கொஞ்சம் இறங்கி நிண்டால் சரி. விறுவிறு எண்டு இறங்கினால் தளர்வு, அசையாமல் நிண்டால் இறுக்கம். திருப்புவதென்றால் காற்சுற்றுக்கும் குறைவாகத்தான்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அதிலிருந்து எத்தனையோ வீடுகளில் பெண்களின் கையில் ஓடுகிற யந்திரம் இது. ஆனால் அது நின்றுபோனால் திருத்துவதற்கு ஓர் ஆணைத் தேடுகிறோம். அம்மாவுக்குத் தெரிந்ததைத் 'தொழில்நுட்பம்' எண்டு யாரும் சொல்வதில்லை, "தைக்கத் தெரிஞ்ச மனுசி" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

சுனாமிக்குப் பிறகும் போர் முடிந்த பிறகும் எங்கட பக்கத்தில் உதவி எண்டாலே தையல் மெஷின்தான். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றிப் பீடத்தில் கட்டுரை எழுதும்போது நான் வாசித்த அறிக்கைகளில் எத்தனை மெஷின் கொடுத்தார்கள் எண்டு இருந்தது. எத்தனை மெஷின் இன்னும் ஓடுது எண்டு இல்லை. ஊசிப் பெட்டி ஒன்றும், தெரிந்த ஒரு பெண்ணிடம் அரை நாள் பழக்கமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்த அன்ரியின் ஒன்றரை வருடம் வீணாகியிருக்காது. இப்போது அவ தலையணை உறை தைக்கிறா, அடுத்த தவணைக்குச் சீருடை எடுக்கப்போறாவாம்.

உங்கட வீட்டிலும் சீலை போர்த்தின மெஷின் ஒன்று இருக்கலாம். அதை விக்க முன்னம், பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை ஒருக்காக் கோர்த்துப் பாருங்கோ.