காசி யாத்திரையும் கைபேசியும்

ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தக் கரையில் மணலெடுத்து, அதைப் பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசியில் விசுவநாதரைத் தரிசித்து, கயையில் முன்னோர் கடன் தீர்த்து, கங்கை நீருடன் திரும்பி வந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் காசி யாத்திரை நிறைவு பெறும் என்பது பெரியோர் வகுத்த முறை. கால்நடையாகச் சென்ற காலத்தில், திரும்பி வருவது நிச்சயமில்லை என்று சொத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்பட்டவர்கள் உண்டு. இன்றோ ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு நேராகவே ரயில் ஓடுகிறது.

யாத்திரிகர் பணம் கொண்டு செல்லும் வழியும் மாறிவிட்டது. வழிப்பறிக்கு அஞ்சிய அந்நாளில், ஊரிலுள்ள வணிகரிடம் பணத்தைக் கட்டி, அவர் எழுதித் தரும் உண்டியல் சீட்டைக் கொண்டுபோய், சேருமிடத்தில் அவருடைய கூட்டாளியிடம் காட்டிப் பணம் பெறும் வழக்கம் இருந்தது. காணிக்கைப் பெட்டிக்கும் அந்தச் சீட்டுக்கும் உண்டியல் என்ற ஒரே பெயர் அமைந்திருப்பது, வங்கியில் காலம் கழித்த எனக்கு எப்போதும் இனிய வியப்பாகவே இருந்து வருகிறது. இன்று நம் உண்டியல் கைபேசிதான். ஓய்வூதியம் சேரும் கணக்கு, ரயில் பயணச்சீட்டு, அறை முன்பதிவு, பேரக்குழந்தைகளின் படங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன. காசியில் எதை எங்கே தரிசிப்பது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த உண்டியலைக் காத்துக்கொள்வது பற்றி இங்கே சிறிது சொல்ல விரும்புகிறேன்.

வாரணாசி சந்திப்பில் இறங்கியதும் பலரும் முதலில் தேடுவது வைஃபை. ரயில்டெல் நிறுவனம் 'ரயில்வயர்' என்ற பெயரில் நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் இவ்வசதியை அளித்து வருகிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய பணி இது. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண் குறுஞ்செய்தியில் வரும். அதை இட்டால் இணைப்புக் கிடைக்கும். அவ்வளவே. நல்ல வசதிதான்.

ஆனால் ஒன்றை அன்பர்கள் அறிந்திருக்க வேண்டும். வைஃபைக்கு எவரும் எப்பெயரும் சூட்டலாம். பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருப்பவர் தம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு நிலையத்தின் பெயரையே வைத்தாலும் தடுப்பாரில்லை. காவி கட்டியோரெல்லாம் துறவியர் அல்லர் என்பதுபோல, பெயரை மட்டும் பார்த்து நம்புவதற்கில்லை.

எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இது நேர்ந்தது. கயையில் பிண்டதானம் செய்த படங்களை வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு உடனே அனுப்ப வேண்டுமென்பது அவர் துணைவியாரின் ஆவல். அவர் கைபேசியில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வைஃபைகள் தெரிந்தன. ஒன்றைத் தொட்டார். கைபேசி எண்ணுக்குப் பின் ஏ.டி.எம். அட்டையின் எண்ணையும், "சரிபார்க்க ஒரு ரூபாய்" என்று மற்ற விவரங்களையும் அந்தப் பக்கம் கேட்டது. "இலவசமாகக் கொடுப்பவனுக்கு அட்டை எதற்கு, சார்?" என்று என்னிடம் காட்டினார். உடனே இணைப்பைத் துண்டித்தோம். யாத்திரையின் மீதிச் செலவும், ராமேஸ்வர அபிஷேகத்துக்கு ஒதுக்கிய தொகையும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பும் அந்த ஒரே கணக்கில் இருந்தன. அவரைக் காத்தது தொழில்நுட்ப அறிவன்று. வகுப்பறையில் பழகிய கேள்வி கேட்கும் குணம்.

வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் இப்போது தகவலைப் பூட்டிய பெட்டியில் வைத்தாற்போல் அனுப்புகின்றன. ஆதலால் வழியில் ஒருவர் அதைப் படித்துவிடுவது முன்போல் எளிதன்று. ஆபத்து பெரும்பாலும் போலிப் பக்கத்தில் நாமே திறவுகோலைக் கொடுத்துவிடுவதில்தான் இருக்கிறது. இலவச வைஃபைக்கு அட்டை எண்ணோ, யு.பி.ஐ. பின்னோ, ஆதாரோ தேவையில்லை. புதிய செயலியைப் பதிவிறக்கச் சொன்னாலும் மறுத்துவிடுக. ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பாராது குறுஞ்செய்தி முழுவதையும் படியுங்கள். அது வைஃபைக்காக வந்ததா, பணப் பரிமாற்றத்துக்காக வந்ததா என்பது அதிலேயே எழுதியிருக்கும். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று' என்று கைபேசி எச்சரித்தால் அதை மீறிச் செல்லாதீர்கள்.

தங்குமிடத்துக்கும் இதுவே பொருந்தும். அனுமான் காட்டை, கேதார காட்டைச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழ் கேட்டாலே மனம் குளிர்கிறது. குமரகுருபரர் நிறுவிய மடம் அங்கிருக்கிறது. பாரதியார் இளமையில் வாழ்ந்த இடமும் அங்கேதான். சொந்த ஊருக்கு வந்துவிட்டதைப் போன்ற நிம்மதி உண்டாகும். ஆயினும் விடுதிச் சுவரில் ஒட்டியுள்ள வைஃபை கடவுச்சொல் வந்துபோகும் அனைவரும் அறிந்தது என்பதை மறத்தலாகாது. கங்கை ஆரத்தியைக் காணொளி அழைப்பில் பேரனுக்குக் காட்டுவதற்கு அது போதும். பணம் அனுப்புவதற்கும் கணக்கைப் பார்ப்பதற்கும் வைஃபையை அணைத்துவிட்டு, நம் சிம்மின் மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துவதே நன்று. தானாக இணைந்துகொள்ளும் வசதியையும் நிறுத்தி வைக்கலாம்.

விசுவநாதர் சந்நிதிக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. வெளியே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துச் செல்ல வேண்டும். திருமலையிலும் இம்முறை உண்டு. அவ்வாறு ஒப்படைக்குமுன் கைபேசியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். திரைப்பூட்டு இல்லாதவர்கள் ஊரிலேயே பிள்ளைகளிடம் சொல்லி அமைத்துக்கொள்ளலாம். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் வாசகம் தெரியாதபடி செய்வதும் அவசியம். இல்லையேல் பூட்டைத் திறவாமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம். பின் எண்ணைக் கைபேசி உறையினுள் எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் பதற வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. வாடிக்கையாளரே கவனக்குறைவாக விவரங்களைக் கொடுத்திருந்தால், அவர் அறிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. அறிவித்த பின் நேர்வது வங்கியுடையது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பொருளுடையது. வங்கியின் உதவி எண்ணைக் கைபேசியில் மட்டுமன்றி, பையிலுள்ள சிறு குறிப்பேட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காசியில் காவல் கால பைரவருடையது. அவரை வணங்கிக் காசிக் கயிறு கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறோம். புறப்படுமுன் பிரியமான காய் ஒன்றையும் கனி ஒன்றையும் விட்டுவிடுவதும் வழக்கம். இனிச் செல்லும் அன்பர்கள் அவற்றுடன் இன்னொன்றையும் விட்டுவிட்டு வரலாம். கைபேசியின் வைஃபைப் பட்டியலைத் திறந்து, வழியில் இணைந்த நிலையங்களின், விடுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கிவிடுங்கள். கங்கைச் சொம்பு ஒன்று கையிலிருந்தால் போதும், ராமநாத சுவாமி காத்திருக்கிறார்.