மூடுபனிக்குள் ஒரு குடும்பம்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தனர். விடுதிச் சோற்றையும் விளையாட்டுப் போட்டிகளையும் எழுதுவார் பலர் உளர். ஆதலின் நாம் ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பரொருவரே அறுபதுகளின் பிற்பகுதியில் கொழும்பிலே அப்படத்துக்கு எம்மை இழுத்துச் சென்றவர் என்பதால், இம்மலரில் அதற்கும் ஓரிடம் உண்டென அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

படத்தின் பெயர் ‘காஞ்சன்ஜங்கா’. வங்காளத்துச் சத்தியஜித் ரே அவர்கள் 1962இல் ஆக்கியது. அதற்கு முன் அவர் எடுத்த கதைப்படங்கள் பிறர் எழுதிய கதைகளைத் தழுவியவை. இதன் கதையை அவரே எழுதினார். வண்ணத்தில் அவர் எடுத்த முதற்படமும் இதுவே. சண்டையில்லை, கொலையில்லை, காதலர் ஓடிப்போவதும் இல்லை. டார்ஜிலிங் மலைநகரில் விடுமுறை கழிக்க வந்த ஒரு செல்வக் குடும்பத்தின் கடைசி மாலைப்பொழுது மட்டுமே கதை. ஏறத்தாழ நூறு நிமிடத்தில் நிகழ்வது நூறு நிமிடப் படமாக ஓடுகிறது. குடும்பத்தினர் இருவர் இருவராகப் பிரிந்து, மலைப்பாதையில் உலாவியும் வாங்குகளில் அமர்ந்தும் பேசுகின்றனர். அவ்வளவுதான். அன்றைய வங்காளத்து இரசிகர் பெரும்பாலார் இதனை விரும்பவில்லை என்பர். எமக்கும் முதலில் பொறுமை போயிற்று என்பதை மறைப்பானேன்?

குடும்பத் தலைவர் இந்திரநாத், ஐந்து கம்பெனிகளின் தலைவர். ஆங்கிலேயர் அளித்த பட்டத்தைச் சுமந்து மகிழ்பவர். அப்பாத்திரத்தில் நடித்த சபி பிசுவாசு, 1958இல் வெளியான ‘ஜல்சாகர்’ படத்தில் நொடித்துப்போன சமீன்தாராக வந்து புகழ் பெற்றவர். ‘காஞ்சன்ஜங்கா’ வெளியான சில வாரங்களுள் வீதி விபத்தொன்றில் மாண்டார். இந்திரநாத் வீட்டில் குரலை உயர்த்துவதே இல்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவர் முடிவு செய்வார், பிறர் நடப்பர். இளைய மகள் மனீஷாவுக்கு மாப்பிள்ளையும் அவரே பார்த்துவிட்டார்: பானர்ஜி என்னும் பொறியியலாளர். அவ்வேடந் தாங்கியவர் கல்கத்தாவில் ஆங்கிலம் கற்பித்த தமிழர், என். விசுவநாதன். 1976இல் ‘மூன்று முடிச்சு’ படத்தில் அவரை மீளக் கண்டபோது, வங்காளம் பேசிய அந்த மனிதரா இவர் என வியந்தோம்.

மூத்த மகளும் மருமகனும் ஒரே கூரையின்கீழ் வாழும் அந்நியர். அவளுக்கு வேறொருவனிடத்தில் அன்பு. கணவனுக்கு அது தெரியும். தெரியும் என்பதை அவன் அன்றுதான் சொல்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர்களுடைய சிறுமகள் குதிரைக்குட்டியின் மேல் சுற்றிச் சுற்றி வருகிறாள். ஒவ்வொரு சுற்றிலும் பெற்றோர் பேச்சை நிறுத்தி அவளைப் பார்க்கின்றனர். பிரிவதா சேர்ந்திருப்பதா என்னும் வழக்கை அக்குதிரையின் குளம்பொலியே தீர்த்துவைக்கிறது.

வெயில், முகில், மூடுபனி, மீண்டும் வெயில் என மலையின் வானிலை மாறுந்தோறும் பாத்திரங்களின் மனமும் மாறுமாறு ரே அமைத்திருக்கிறார். மூடுபனியில் முகம் சரியாகத் தெரியாதபோதுதான் இக்குடும்பத்தினர்க்கு உண்மை பேச வருகிறது. முகத்துக்கு நேரே பேசி அறியாத வீடுகளில் வளர்ந்தோர்க்கு இது விளங்கும்.

முதன்முறை பார்த்தபோது எம் கண் முழுவதும் அசோக் என்னும் ஏழை இளைஞன் மேலே இருந்தது. இந்திரநாத் அவனுக்கு வேலையொன்று தர முன்வருகிறார். வேலையில்லாத அவனோ வேண்டாமென்று மறுத்துவிடுகிறான். கல்கத்தாவில் என்றால் மறுத்திருக்கமாட்டேன், இம்மலையின் பெருமைதான் அத்துணிவைத் தந்தது என்று பின்னர் மனீஷாவிடம் கூறுகிறான். நாமும் அப்போது வேலை தேடி அலைந்துகொண்டிருந்தோம். படம் முடிந்ததும் நண்பரும் நாமும் காலிமுகத்திடல் வரை நடந்து, அசோக் செய்தது சரியென்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். அடுத்த மாதமே எமக்குக் கிடைத்த எழுதுவினைஞர் வேலையை மறுபேச்சின்றி ஏற்றோம் என்பதும் உண்மை. எமக்கு மலை எதுவும் கிட்டத்தில் இருக்கவில்லை.

இரண்டாம் முறை பார்த்தது சென்ற ஆண்டு. பிறநாட்டில் வாழும் மகள் தன் கணினியில் அதனைக் காட்டினாள். எம் மனைவியாரும் உடனிருந்தார். இம்முறை அசோக் எம் கண்ணில் அதிகம் படவில்லை.

இந்திரநாத்தின் மனைவி லாவண்யா. கருணா பானர்ஜி நடித்த பாத்திரம். படத்தின் முற்பாதியில் அவள் பேசுவது மிகக் குறைவு. கணவர் சொல்லும் இடத்தில் நிற்கிறாள். அவளுடைய தமையனார் தொலைநோக்காடியும் கையுமாய்ப் பறவைகளைத் தேடித் திரிபவர். அணுகுண்டுச் சோதனைகளால் வலசைப் பறவைகள் வழி தவறி வீழ்ந்துவிடுமோ எனக் கவலைப்படுபவர். வீட்டில் ஒருவர் மனத்துக்கு ஒருவர் வழி தவறியிருப்பதை அவரும் அறிவார், வாய் திறவார். லாவண்யா தனியே ஒரு வாங்கில் அமர்ந்து தாகூரின் பாட்டொன்றை மெல்லப் பாடுகிறாள். கேட்பாரில்லை. பாடி முடிந்தபின், தன் வாழ்வு மகளுக்கு நேரவிடுவதில்லை எனத் துணிகிறாள். அவ்வீட்டில் புரட்சி என்பது இவ்வளவே.

அப்பாட்டு ஒலித்தபோது எம் மனைவியார் சற்று முன்னே குனிந்து உட்கார்ந்தார். பெண் பார்க்கச் சென்ற நாளில் அவர் பாடியது எமக்கு நினைவு வந்தது, இராகங்கூட நினைவிருந்தது. அதன்பின் இல்லத்தில் எப்போது பாடினார் என்று எண்ணிப் பார்த்தோம். நாம் கந்தோருக்குப் போனோம், வந்தோம், பத்திரிகை படித்தோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைத் தீர்மானித்தோம். ஒருநாளும் கடிந்து பேசியதில்லை என்பதைப் பெருமையாக எண்ணியிருந்தோம்.

படத்தின் முடிவில் முகில் விலகி, பனிச்சிகரம் வெயிலில் எழுந்து நிற்கிறது. விடுமுறை முழுவதும் இந்திரநாத் காத்திருந்தது அதற்காகவே. ஆனால் அவர் மனைவியையும் மக்களையும் பெயர் சொல்லி அழைத்துத் தேடுகிறார். ஒருவரும் அருகில் இல்லை. மலையை அவர் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

கணினியை மூடிவிட்டு மகள் உறங்கச் சென்றாள்.

“நீர் பாடிக் கேட்டுக் கன காலம்” என்றோம்.

“நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?” என்றார் அவர்.

கேட்டல் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. எப்பொருளில் சொன்னார் என வினவ எமக்கு நா எழவில்லை. அவர் எழுந்து சென்று தேநீருக்கு வெந்நீர் வைத்தார். நாமும் பின்னே சென்று, பழக்கமில்லாத அக்குசினி வாயிலில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றோம்.