தீவின் நீதிபதிகளும் ஒரு மரண தண்டனையும்

ஜூனியர்கள் நான் ஆஜரான வழக்குகளைத்தான் கேட்பார்கள். என் நெஞ்சைவிட்டுப் போகாத வழக்கோ, ஐரிஷ் கடலிலுள்ள மேன் தீவில் 1662-ல் நடந்தது.

அந்தத் தீவின் நீதிபதிக்கு டீம்ஸ்டர் என்று பெயர். அன்று வடபாதிக்கு ஒருவர், தென்பாதிக்கு ஒருவர் இருந்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறத் தொடங்கும்வரை சட்டம் அவர்கள் நினைவில்தான் இருந்தது. சம்மனும் காகிதமல்ல. ஸ்லேட் கல் துண்டொன்றில் டீம்ஸ்டர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கீறித் தருவார். அந்தக் கல் கைக்கு வந்தால் எதிராளி வந்து நின்றாக வேண்டும். ஹெர்ரிங் மீனை நம்பிப் பிழைத்த ஊர் அது. அதனால் பதவிப் பிரமாணமும் மீனை வைத்துத்தான்: அந்த மீனின் நடுமுள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடப்பதுபோல, அரசருக்கும் குடிகளுக்கும் நடுவே, வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவே சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று டீம்ஸ்டர் உறுதி கூறுவார். அயலார் தகராறுகளில் இந்தப் பிரமாணம் செல்லும். தீவின் அதிபதியே ஒரு கட்சியாக வந்தால்?

வில்லியம் கிறிஸ்டியன், தீவு மக்களுக்கு இல்லியம் டோன், 1651-ல் தீவின் அதிபதியான டெர்பி பிரபுவின் குடும்பத்துக்கு எதிராகக் கிளர்ந்தவர். தீவு, மன்னரை எதிர்த்த ஆங்கில நாடாளுமன்றப் படையின் கைக்குப் போனது. 1660-ல் மன்னராட்சி திரும்பியபோது பழைய குற்றங்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. அதை நம்பி ஊர் திரும்பியவரை, புதிய டெர்பி பிரபு துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார். கிறிஸ்டியன் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்தார். 'கீஸ்' எனப்படும் 24 பேர் சபை தனக்கு இசையவில்லை என்று, பிரபு அதில் ஏழு பேரை நீக்கித் தன் ஆட்களை வைத்தார். டீம்ஸ்டர்கள் மரண தண்டனை சொன்னார்கள். மன்னருக்கு மனு போயிருந்தும் எவரும் காத்திருக்கவில்லை. 1663 ஜனவரி 2-ஆம் தேதி, காசில்டவுன் அருகே ஹாங்கோ குன்றில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வாதமே கேளாமல், கட்சிக்காரரே மாற்றியமைத்த சபையை வைத்துக்கொண்டு சொன்ன தீர்ப்பு அது. நீதிபதி அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும்.

அதே ஆண்டு பிரிவி கவுன்சில் வழக்கை விசாரித்தது. நம் மேல்முறையீடுகளும் 1949 வரை போன அதே பிரிவி கவுன்சில். மன்னிப்புச் சட்டம் மேன் தீவுக்கும் செல்லும் என்று அது தீர்மானித்தது. சொத்து பிள்ளைகளுக்குத் திரும்பியது. தண்டனை சொன்ன டீம்ஸ்டர்கள் சிறைக்குப் போனார்கள்.

மன்னருக்குப் போன மனு மட்டும் அவர் உயிரைக் காக்கவில்லை. அதனால் என் ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேல்முறையீட்டு மனுவோடு தடையாணை மனுவையும் அன்றைக்கே தாக்கல் செய்யுங்கள்.