பாவையின் வாயும் பயில்வோர் கையும்

முதலுதவிப் பயிற்சி என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன முக்கோணத் துணியும் கட்டுக்களுந்தாம். கைகழுவுதலும் அதில் ஒரு பாடமென எண்ணுவோர் மிகச் சிலரே. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் சென்றிருந்த வகுப்பொன்றில் இதனை நேரிற் கண்டோம். மூச்சூட்டப் பழகுவதற்கென ஒரு பாவையைத் தரையிற் கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து, ஒருவர் வாய்வைத்த இடத்திலேயே மற்றவரும் வாய்வைத்து ஊதினார்கள். இடையிடையே ஒரு கைக்குட்டை அதன் முகத்தைத் தடவிச் சென்றது. பிள்ளைகள் மாறினார்கள், கைக்குட்டை மட்டும் மாறவேயில்லை!

இத்தகைய பாவையை 1960ஆம் ஆண்டில் உருவாக்கியவர் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரான ஆஸ்முண்ட் லேர்டால். உயிர்காக்கக் கற்பிக்கும் அப்பாவையே வீட்டுக்கு வீடு காய்ச்சலைக் கொண்டுசேர்ப்பதாயின், அதனினும் வேடிக்கை வேறுண்டோ? ஒருவர் ஊதி முடித்ததும், 70 சதவீத மதுசாரத்தில் நனைத்த புதிய துணியால் பாவையின் வாயையும் மூக்கையும் அழுத்தித் துடைத்து, அரை நிமிடமேனும் ஈரமாக விட்டு, உலர்ந்த பின்னரே அடுத்தவரை அழைத்தல் வேண்டும். ஆளுக்கொரு முகத்திரை இருப்பின் இன்னும் நன்று. வகுப்பு முடிந்ததும் உள்ளேயிருக்கும் நுரையீரற் பையை மாற்றவேண்டும். தடிமனோ வாய்ப்புண்ணோ உள்ள பிள்ளை அன்றைக்கு ஊதவே வேண்டாம்.

"பயிற்சிதானே, இங்கே நோயாளி எவருமில்லையே" என்பார் உளர். பயில்வோர் கையால் விளைந்த கேட்டை வியன்னா நகரம் அறியும். அங்கே பிணங்களை அறுத்துப் பழகிய வைத்தியரும் மாணவரும் அக்கைகளுடனேயே பிரசவ விடுதிக்குச் சென்றனர். தாய்மார் காய்ச்சல் கண்டு மடிந்தனர். குளோரின் கலந்த நீரிற் கைகழுவுமாறு 1847இல் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் பணித்ததும் சாவு வெகுவாகக் குறைந்தது. அக்காலத்து வைத்தியர் பலர் அவரை நம்ப மறுத்தமை தனிக் கதை.

கையுறை அணிந்தாற் போதுமென்பாரும் உண்டு. அணிவதற்கு வித்தை வேண்டாம், கழற்றுவதற்குத்தான் வேண்டும். கையுறையின் வெளிப்புறத்திற் சிவப்புச் சாயத்தைப் பூசி, அதனைக் கழற்றுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டைப் பிடித்து உள்வெளியாக உரித்து, கழற்றியதை மற்றக் கைக்குள் அடக்கி, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உட்புறமாக நுழைத்து உரிப்பதே முறை. முதன்முறை எவர் செய்தாலும் சாயம் எங்கேனும் ஒட்டிவிடும். அச்சாயம் முழுவதும் போகும்வரை, நகக்கண்களையும் விடாது, சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்யுங்கள்.