ஆளுக்குப் பாதி

1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் சில சுண்டெலிகள் பந்துபோல் பெருத்தன. அடங்காத பசி, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. மதுவைத் தொடாதவர்களையும் தாக்கும் கல்லீரல் கொழுப்பு நோயை ஆராய இதைவிடப் பொருத்தமான பிராணி ஏது?

ஆனால் மனிதக் கல்லீரலை முடக்குவது வெறும் கொழுப்பல்ல. பின்னால் விழும் தழும்பு. இந்த எலிகளுக்கோ தழும்பு எளிதில் விழுவதில்லை. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் இவற்றுக்கு இல்லை. தழும்பு விழவும் அதற்குப் பங்கு உண்டு. 1994இல் லெப்டின் மரபணு கண்டறியப்பட்ட பிறகே இது புரிந்தது.

மாற்று வழியும் உண்டு. மெத்தியோனின், கோலின் சத்துகளை நீக்கிய தீவனம் கொடுத்தால் சில வாரங்களில் தழும்பு தயார். ஆனால் எலி இளைத்துவிடுகிறது. நோயாளிகளில் பலருக்கோ தொந்தியும் சர்க்கரையும்தான் துணை.

ஆக, ஆளுக்குப் பாதி நோய். மதுவால் வராத கல்லீரல் அழற்சிக்கு மேயோ கிளினிக் மருத்துவர்கள் பெயர் சூட்டியது 1980இல். அதற்கான முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்ததோ 2024 மார்ச்சில். இடையே 44 ஆண்டுகள். மடிந்த எலிகள் ஏராளம்.

எலி பொய் சொல்வதில்லை; கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்கிறது. தவறான எலியிடம் கேட்டால் அதன் உயிரும் வீண், நோயாளியின் காத்திருப்பும் வீண்.